ஜூன் விடுமுறையில் காரில் கிழக்குக் கரைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தாலே சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலும் கோயில் வாசலிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிடும். "பிள்ளைகளுக்கு லீவு விடுகிறார்கள், காரை எடுத்துக்கொண்டு மலேசியாவில் கடல் பார்த்துவிட்டு வரலாமா?" போகலாம். ஆனால் கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். மணிக்கணக்கைப் பாருங்கள். வண்டியில் வருகிறவர்களில் யாரால் நெடுநேரம் உட்கார முடியாதோ, அவரை நினைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை எல்லாம் அதன்பிறகு தானாக அமையும்.

ஜூனில் எந்தப் பக்கத்துக் கடல் நன்றாக இருக்கும்?

தயங்காமல் கிழக்குக் கரை. தீபகற்ப மலேசியாவின் கிழக்குப் பக்கத்தை வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ நவம்பரிலிருந்து மார்ச் வரை அடித்துத் துவைக்கும். அந்த மாதங்களில் ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற தீவுகளில் பெரும்பாலான தங்குமிடங்கள் பூட்டிக் கிடக்கும், படகும் ஓடாது. டிசம்பர் பள்ளி விடுமுறைதான் நீளமானது, ஆனால் கடலுக்கு அது ஆகாது. ஜூனில் காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் மறித்துக்கொண்டு நிற்பதால் கிழக்குக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். விடியற்காலையில் நம்மை இடியோடு எழுப்பும் சுமத்ராக் காற்றுமழையின் சீற்றமும் அங்கே குறைவு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறாதீர்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து உதிக்கும், கடலில் மறையாது. மாலைச் சூரியனோடு குடும்பப் படம் எடுக்க வேண்டும் என்று மணலில் காத்திருப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

தேசாரு, மெர்சிங், செராத்திங், திரங்கானு: இதில் எது எங்களுக்குச் சரிப்படும்?

கைக்குழந்தையோ முட்டிவலிக்காரரோ உடன் வந்தால் தேசாரு. செனாய்–தேசாரு விரைவுச்சாலை வந்தபிறகு ஜோகூர் பாருவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் ஜோகூர் ஆற்றின்மேல் போகும் தொங்குகம்பிப் பாலம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கடற்கரை நீளமானது, அலை கொஞ்சம் முரட்டுத்தனமானது. பெரிய ஹோட்டல்களும் நீர்விளையாட்டுப் பூங்காவும் உண்டு. ஆனால் இதை நெடும்பயணம் என்று சொல்ல முடியாது. இரண்டு இரவுக்கு மேல் எனக்குச் சலித்துவிடும்.

மெர்சிங் ஒரு படகுத்துறை ஊர். அங்கே போவது தியோமான் தீவுக்குப் போவதற்காக. காரைக் கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் படகில் போக வேண்டும். மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது, அதனால் படகு புறப்படும் நேரம் கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். "காலை பத்து மணிப் படகு" என்று போன வருடம் போனவர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். டிக்கெட் எடுக்கும்போது உங்கள் தேதிக்கு உரிய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சற்று வடக்கே, பகாங் எல்லையைத் தாண்டியதும் தஞ்சோங் கெமோக் என்ற இன்னொரு படகுத்துறை இருக்கிறது. மெர்சிங்கில் இடம் கிடைக்காதவர்களுக்கு அது கைகொடுக்கும்.

குவாந்தானும் அதற்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வடக்கே உள்ள செராத்திங்கும்தான் என் தேர்வு. தூரம் போய் வந்த திருப்தியும் கிடைக்கும், தீவுக்குப் படகு பிடிக்கும் பதற்றமும் இல்லை. குவாந்தானில் தெலுக் செம்பெடாக் கடற்கரையை ஒட்டிப் பாறைகளைச் சுற்றிப் போகும் மரப்பலகை நடைபாதையில் மாலையில் நடக்கலாம். ஒரு நாள் கடலை விட்டு உள்ளே போக ஆசைப்பட்டால், பழைய ஈயச் சுரங்க ஊரான சுங்கை லெம்பிங் பக்கத்திலேயே இருக்கிறது.

திரங்கானு என்றால் குறைந்தது ஐந்து இரவு ஒதுக்குங்கள். ரெடாங்குக்கு மெராங்கிலிருந்தோ கோலத் திரங்கானு நகரத்திலிருந்தோ படகு, பெர்ஹெந்தியானுக்குக் கோல பெசுட்டிலிருந்து. தண்ணீர் கண்ணாடிதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கோல பெசுட் சிங்கப்பூரிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு நான் காப்பாஸ் தீவைச் சொல்வேன். மாராங் படகுத்துறையிலிருந்து கால் மணி நேரம்தான். வாந்தி வரும் முன்பே இறங்கிவிடலாம்.

போர்ட் டிக்சன்?

சாப்பாட்டுக்குப் போகலாம், கடலுக்கு வேண்டாம். நெகிரி செம்பிலானில் தமிழர்கள் நிறைய, வாழையிலைச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தண்ணீர் கலங்கல்.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் கடற்பாலத்தில் மாட்டிக்கொள்ளாமல் போகலாம்?

பயணத்தின் உண்மையான கேள்வி இதுதான். 1924இல் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் அந்த ஒரு கிலோமீட்டர் மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். மூன்று மணி நேரத்தில் மெர்சிங்குக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

வெள்ளி பிற்பகல், சனி காலை, நீண்ட வார இறுதிக்கு முந்தைய மாலை ஆகிய மூன்றையும் தவிருங்கள். விடுமுறையின் முதல் வாரத்தை விட்டு இரண்டாவது வாரத்தில், செவ்வாய் அல்லது புதன் விடியற்காலையில் கிளம்புவது மிக நல்லது. நான்கரை மணிக்குப் பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கி வண்டியில் போட்டால் யோங் பெங்கில்தான் கண் விழிப்பார்கள். ஓட்டுகிறவர் மட்டும் முந்தைய இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிட வேண்டும். பெட்டி கட்டுவதை நள்ளிரவுவரை இழுத்துக்கொண்டு போய்விட்டு, விடியற்காலையில் ஸ்டியரிங் பிடிக்கிற வழக்கத்துக்கு நான் பரம எதிரி.

எந்தப் பாலம் என்பது நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தேசாருவுக்கோ மெர்சிங்குக்கோ போகிறவர்களுக்கு உட்லண்ட்ஸ் அருகில். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து மேலே போகிறவர்கள், 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாவது இணைப்பைப் பார்க்கலாம். அங்கே டோல் அதிகம், நெரிசல் பல நேரங்களில் குறைவு. கிளம்பும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சாலைக் கேமராப் படங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டும் சிவந்து கிடந்தால் தூங்கிவிட்டு மறுநாள் போங்கள், கடல் அங்கேயேதான் இருக்கும்.

காருக்கு என்னென்ன தாள்கள் வேண்டும்?

மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, அதாவது விஇபி. சிங்கப்பூரில் பதிவான கார்களுக்கு இது 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் பதிவு செய்து, 10 ரிங்கிட் கட்டி வில்லையை வாங்கி ஒட்டி, அதைச் செயல்படுத்த வேண்டும். ஐந்து ஆண்டுக்குச் செல்லும். வில்லை ஒரு காருக்கு உரியது. கார் மாற்றினால் புதிதாக வாங்க வேண்டும். ஒப்புதல் வரவும் வில்லை கைக்குக் கிடைக்கவும் நாளாகலாம் என்பதால், ஜூன் பயணத்துக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள். கிளம்பும் வாரத்தில் விழித்துக்கொண்டு "அவசரமாக வாங்கித் தருகிறவர் யாராவது இருக்கிறாரா" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. அதற்கும் டோலுக்கும் டச் என் கோ என்ற கட்டண அட்டையில் பணம் போட்டு வைத்திருங்கள்.

காப்புறுதிச் சான்றிதழைத் திறந்து, எந்த எல்லைவரை செல்லும் என்ற வரியை வாசியுங்கள். சிங்கப்பூர்க் காப்புறுதிகள் பெரும்பாலும் மேற்கு மலேசியாவையும் உள்ளடக்கும். ஆனால் வண்டி நின்றுபோனால் இழுத்து வரும் செலவு அதில் அடங்குமா, எத்தனை கிலோமீட்டர்வரை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். குவாந்தானில் நின்ற காரைச் சிங்கப்பூருக்கு இழுத்து வர ஆகும் செலவு, உங்கள் விடுமுறைச் செலவைவிட அதிகமாகிவிடும். சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் மலேசியாவில் செல்லும், அதற்குத் தனியாக ஒன்றும் வேண்டாம்.

ஆட்களுக்கு? என் பெற்றோர் மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள், நாங்கள் நிரந்தரவாசிகள், பிள்ளை குடிமகன்.

நம்மவர் வீடுகளில் ஒரே காரில் மூன்று வகைக் கடப்பிதழ் இருப்பது வழக்கம்தான். ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

எல்லார் கடப்பிதழும் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டியதில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசியும் வேலை அனுமதிக்காரரும் சுற்றிப்பார்க்க வந்த பெற்றோரும் நிரப்பியே ஆக வேண்டும். நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். இது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா விலக்கு அளித்து, பின்னர் அதை 2026 இறுதிவரை நீட்டித்தது. வீட்டுப் பணிப்பெண் உடன் வந்தால், அவருடைய நாட்டைப் பொறுத்து மலேசிய விசா தேவைப்படலாம்.

பலரும் மறப்பது திரும்பி வருவதை. பெற்றோரின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். ஒருமுறைதான் என்றால் அவர்களை அழைத்துப் போகாதீர்கள். பாலத்தின் அந்தப் பக்கத்தில் அம்மா நிற்க, நீங்கள் இந்தப் பக்கத்தில் நிற்க நேரும். பலமுறை விசா இருந்தாலும் திரும்பும்போது அவர்களுக்கு எஸ்ஜி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதிகாரி அப்போது எத்தனை நாள் தங்க அனுமதிப்பார் என்பது அவர் முடிவு. நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர்ச் சாவடிகளில் 2024 மார்ச் முதல் காரில் வருபவர்கள் கியூஆர் குறியீட்டைக் காட்டியே கடக்கலாம். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் வண்டியில் இருப்பவர்கள் அனைவரையும் ஒரே குறியீட்டில் சேர்த்துவிடுங்கள். நேரம் மிச்சமாகும். இதை நம்பிக் கடப்பிதழை வீட்டில் விட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கத்துக்கு அது வேண்டும்.

குவாந்தானுக்கு எந்தப் பாதை?

இரண்டு பாதைகள். எந்தப் பாதை உசத்தி என்று எங்கள் உறவுக்காரர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் தீபாவளிவரை நீளும்.

ஒன்று, கரையை ஒட்டிய மூன்றாம் எண் கூட்டரசுச் சாலை: ஜோகூர் பாரு, கோத்தா திங்கி, ஜெமாலுவாங், மெர்சிங், எண்டாவ், ரொம்பின், பெக்கான், குவாந்தான். டோல் இல்லை. பெரும்பகுதி ஒரு தடம் போக, ஒரு தடம் வர. செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தால் பொறுமையாகப் பின்னால் போக வேண்டியதுதான். ஓய்வு உட்பட ஆறேழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அழகு என்று பார்த்தால் இந்தப் பாதைக்கு ஈடில்லை. கோல ரொம்பினில் ஆற்று இறால் புகழ்பெற்றது. பெக்கான் பகாங்கின் அரச நகரம், மரநிழலில் கால் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் கோத்தா திங்கிக்கும் மெர்சிங்குக்கும் நடுவே காட்டு யானைகள் சாலையைக் கடக்கும். எச்சரிக்கைப் பலகை வேடிக்கைக்கு வைத்தது அல்ல. இருட்டிய பிறகு அந்தப் பகுதியில் ஓட்டாதீர்கள். யானையின் நிறமும் இரவுத் தாரின் நிறமும் ஒன்றுதான்.

இரண்டாவது, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் யோங் பெங்வரை போய், அங்கிருந்து சிகாமட், பிறகு பன்னிரண்டாம் எண் சாலையில் முவாட்சாம் ஷா வழியாக கம்பாங். அங்கே கிழக்குக் கரை நெடுஞ்சாலை கிடைக்கும். செராத்திங்குக்கோ திரங்கானுவுக்கோ நேரே போகிறவர்களுக்கு இது ஏற்றது, குவாந்தான் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். சிகாமட்டிலிருந்து கம்பாங்வரை செம்பனை, மேலும் செம்பனை, அதற்கும் மேல் செம்பனை. கடைகள் குறைவு, தூக்கம் வரவழைக்கும் நேர்சாலை. சிகாமட்டிலேயே பெட்ரோல், கழிவறை, காப்பி மூன்றையும் முடித்துக்கொள்ளுங்கள்.

போகும்போது உட்பாதை, வரும்போது கரைப்பாதை என்பது என் யோசனை. ஆசையோடு போகும்போது வேகம் வேண்டும், திரும்பும்போது வேடிக்கை வேண்டும். சிங்கப்பூர் வானொலி ஒலி 96.8 ஜோகூரைத் தாண்டும்போது கரகரத்து மறையும். அதன்பிறகு மலேசியாவின் மின்னல் எஃப்எம்மைத் தேடிப் பிடிக்கலாம், ஊருக்கு ஊர் அலைவரிசை எண் மாறும். பாட்டுகளையும் வரைபடத்தையும் முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்திருப்பது உத்தமம். செம்பனைத் தோட்டத்துக்குள் சிக்னல் இருக்காது.

பெட்ரோலை அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா?

சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும். 1989இல் அரைத் தொட்டி என்று வந்த விதி 1991இல் முக்கால் ஆனது. முள் குறைந்திருந்தால் அபராதம் 500 சிங்கப்பூர் வெள்ளிவரை போகலாம், திருப்பியும் அனுப்புவார்கள். மலேசியாவில் மஞ்சள் கைப்பிடி உள்ள ரோன் 95 அந்நாட்டவருக்கான மானியப் பெட்ரோல். வெளிநாட்டுக் கார்களுக்கு அதை விற்க 2010 ஆகஸ்ட் முதல் தடை. நமக்கு ரோன் 97 மட்டும். அதுவும் இங்கே விற்கும் விலையைவிடக் குறைவுதான். பத்து வெள்ளி மிச்சப்படுத்த 95ஐப் போட்டு, அது படமாகி ஊர் சிரிக்க வேண்டுமா?

மின்சாரக் கார்?

முக்கால் தொட்டி விதி கிடையாது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மின்னேற்ற நிலையங்கள் இருக்கின்றன, கிழக்குக் கரையில் இடைவெளி பெரிது. எந்த ஹோட்டலில் மின்னேற்றலாம் என்று கேட்டுவிட்டு அறை பதிவு செய்யுங்கள். உரிய செயலிகளைச் சிங்கப்பூரிலேயே இறக்கிப் பணம் போட்டுக்கொள்ளுங்கள். முவாட்சாம் ஷா பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்களிடம் கார் இல்லை. வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். மலேசியாவுக்குக் கொண்டுபோக நிறுவனம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். விஇபி வில்லை ஒட்டிய கார்தானா என்றும் விபத்து நேர்ந்தால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை எல்லை தாண்டினால் எவ்வளவு உயரும் என்றும் கேளுங்கள். நான்கு பேருக்குக் கீழ் என்றால் கோச் பஸ் மலிவு.

வண்டியில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

சக்கரம். முதலில் சக்கரம், பிறகும் சக்கரம். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் காற்றழுத்தம் எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். புதிய கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரமே கிடையாது, பசையும் காற்றடிக்கும் கருவியும் மட்டும். பக்கவாட்டில் கிழிந்தால் பசை உதவாது. உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று இப்போதே பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். குளிர்நீர், பிரேக், துடைப்பான், குளிர்சாதனம் ஆகியவற்றைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பட்டறையில் காட்டுங்கள். முந்தைய நாள் காட்டினால் குறையைக் கண்டுபிடிப்பார்கள், சரிசெய்ய நேரம் இருக்காது.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் அந்தச் சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800 88 0000. அவசரத்துக்கு 999. விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் மலேசியக் காவல்நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று எதிராளி சொன்னாலும் வாங்குங்கள். அந்த நகல் இல்லாமல் காப்புறுதி நிறுவனம் அசையாது.

பாட்டிக்கு நீரிழிவு, சின்னவனுக்கு இரண்டு வயது. தாங்குவார்களா?

தாங்குவார்கள், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாவிட்டால். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கழிவறைகள் விசாலமாக இருக்கும். கூட்டரசுச் சாலைகளில் பெட்ரோல் நிலையங்களைத்தான் நம்ப வேண்டும், பல இடங்களில் குந்தும் கழிவறைதான். முட்டிவலிக்காரருக்கு அது சிரமம் என்பதால், உட்காரும் வசதி உள்ள இடத்தைப் பார்த்ததும் தேவை இருக்கிறதோ இல்லையோ நிறுத்திவிடுங்கள்.

இன்சுலினைக் குளிர்பையில் வையுங்கள், பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டாமல். மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து, மருந்துச்சீட்டின் நகலோடு எடுத்துப் போங்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குச் சிங்கப்பூரில் சிறுவர் இருக்கை கட்டாயம். பாலம் தாண்டியதும் மடியில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் வேகம் அதிகம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் சைவம். கிழக்குக் கரையில் பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் ஈப்போ, பினாங்கு, கிள்ளான் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். ஜோகூர் பாருவில் காலையில் வயிறு நிறைய இட்லி தோசை சாப்பிட்டுவிடுங்கள். தெப்ராவ் சாலைப் பக்கம் உள்ள ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிற குடும்பங்களும் உண்டு. குவாந்தானில் நம்மவர் உணவகங்கள் இருக்கின்றன. அதற்கு வடக்கே திரங்கானுவில் தமிழர்கள் மிகவும் குறைவு. சீனர்களின் சைவக் கடைகள் நகரங்களில் கிடைக்கும். ரொட்டி சானாய்க் கடையில் பருப்புக் குழம்பு கேட்கலாம், ஆனால் மீன் குழம்புக் கரண்டியையே அதிலும் விடுவார்கள். சம்பல் எதுவானாலும் பெலாச்சான் என்ற இறால் விழுதோ நெத்திலியோ இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "தாக் மாவு ஈக்கான், தாக் மாவு பெலாச்சான்" என்று சொல்லப் பழகுங்கள்: மீன் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம்.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளியோதரை ஒரு நாள் முழுக்கத் தாங்கும். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, ஆறவிட்ட பிறகே கட்டுங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி மதியம்வரை. தயிர்சாதம் என்றால் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் சேர்த்துப் பிசையுங்கள், போய்ச் சேரும்போது பக்குவமாக உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்னியை மட்டும் வண்டியில் ஏற்றாதீர்கள். சமையலறையோடு கூடிய தங்குமிடம் எடுத்தால் சின்ன குக்கரும் பருப்பும் பொடிகளும் போதும். அரிசி எல்லாக் கடையிலும் இருக்கிறது.

அசைவக்காரர்களுக்கு இது சொர்க்கம். திரங்கானுவின் நாசி டாகாங் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. அதில் வெந்தயம் போடுவார்கள், சூரை மீன் குழம்போடு வரும். நம் நாக்கு அதை அந்நியமாக நினைக்காது. மீனும் ஜவ்வரிசி மாவும் சேர்த்துப் பொரித்த கெரோப்போ லெகோரைச் சாலையோரத்தில் சூடாக வாங்குங்கள். நாசி கெராபுவின் நீலச் சோற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சங்குப்பூச் சாயம்தான். ஜூனில் டுரியான் பருவமும் தொடங்கிவிடும். சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், வண்டிக்குள் வேண்டாம். ஹோட்டலில் கண்டிப்பாக வேண்டாம், அபராதம் போடுவார்கள்.

திரங்கானுவில் வெள்ளிக்கிழமை எல்லாம் மூடியிருக்குமா?

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடும், இரண்டரை மணிக்குப் பிறகு திறக்கும். பணமாற்று, மருந்து வாங்குவதையெல்லாம் வியாழனே முடித்துவிடுங்கள். ஜோகூர் 2025 முதல் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது, அங்கே குழப்பமில்லை. பொதுக் கடற்கரைகளில் ஊர்க்காரர்கள் உடம்பை மூடியே குளிப்பார்கள். நாமும் டி-சட்டையோடு இறங்குவது மரியாதை, வெயிலுக்கும் நல்லது.

கடலில் என்ன ஆபத்து?

அமைதியான மாதம் என்றாலும் திறந்த கடல், செந்தோசாவின் குளம் அல்ல. உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் நனையும் அளவுகூட வேண்டாம். இந்தக் கடல்களில் கொடிய பெட்டி ஜெல்லிமீனும் உண்டு. உடல் முழுவதும் மூடும் நீச்சலுடை பிள்ளைகளுக்கு நல்ல கவசம். வினிகர் ஒரு புட்டி எடுத்துப் போங்கள். கொட்டினால் அதை ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தேய்க்கக் கூடாது. தீவுப் படகில் எல்லார்மீதும் உயிர்காப்புச் சட்டை இருந்தால்தான் ஏறுவேன் என்று நில்லுங்கள். படகோட்டி சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஆமை முட்டையிடுவதைப் பார்க்கலாமா?

பச்சை ஆமைகள் கரையேறும் பருவத்தில் ஜூனும் அடங்கும். செராத்திங்கில் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. வழிகாட்டியோடு போங்கள், கைப்பேசி விளக்கை அணையுங்கள், வெளிச்சம் பட்டால் ஆமை திரும்பிப் போய்விடும். ராந்தாவ் அபாங்கில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்த பேராமைகள் இன்று ஏறக்குறைய வருவதே இல்லை. முட்டைகளைச் சாப்பிட்டே தீர்த்ததும் வலைகளும் காரணம். சந்தையில் யாராவது ஆமை முட்டை நீட்டினால் விலைகூடக் கேட்காதீர்கள்.

வேகக் கட்டுப்பாடு?

நெடுஞ்சாலையில் பொதுவாக 110, கூட்டரசுச் சாலையில் 90, ஊருக்குள் குறைவு. நமக்கு இங்கே 90தான் உச்சம் என்பதால் 110 பலகையைக் கண்டதும் கால் தானாக அமுங்கும். கேமராவுக்கு நம்பர்த்தட்டு எந்த நாட்டுடையது என்பது பொருட்டல்ல. அபராதத்தைக் கட்டாமல் விட்டால் அடுத்த பயணத்தில் வந்து நிற்கும். இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்துவதைக் கடுமையாக நடத்துகிறார்கள். கூட்டரசுச் சாலையில் உயிரைப் பறிப்பதும் அதுதான்.

ஐந்து இரவுக்கு ஒரு மாதிரித் திட்டம் சொல்லுங்கள்.

புதன் விடியலில் கிளம்பி உட்பாதையில் குவாந்தான், அன்று மாலை வெறுமனே தெலுக் செம்பெடாக், வேறொன்றும் வேண்டாம். அடுத்த மூன்று இரவு செராத்திங்கில். ஒரு நாளைத் திட்டமே இல்லாமல் விடுங்கள், பிள்ளைகள் அந்த நாளைத்தான் பேசுவார்கள். ஆசை இருந்தால் ஒரு நாள் மட்டும் மாராங் போய்க் காப்பாஸ் தீவு. ஐந்தாவது இரவு கரைப்பாதையில் இறங்கி மெர்சிங். மறுநாள் விடிந்ததும் கிளம்பினால் யானைப் பகுதியை வெளிச்சத்தில் தாண்டி மதியத்துக்குள் பாலம். அந்த நாள் ஞாயிறாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலைதான் ஊரே திரும்பும்.

திரும்பும்போது சாவடியில் எதைக் காட்ட வேண்டும்?

மலேசியாவிலிருந்து வருபவருக்கு மதுவுக்கு வரிவிலக்கு இல்லை, சிகரெட்டுக்கு யாருக்குமே இல்லை. மின்சிகரெட்டும் சூயிங் கம்மும் கொண்டுவரவே கூடாது. மற்றப் பொருள்களுக்கு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்திருந்தால் 500 வெள்ளிவரையும், குறைவாக இருந்திருந்தால் 100 வெள்ளிவரையும் பொருள் சேவை வரி கிடையாது. வேலை அனுமதி, மாணவர் அட்டை போன்றவற்றில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, வாங்கியதற்கு வரி கட்ட வேண்டும். சுங்கத்துறையின் செயலியில் முன்கூட்டியே கட்டிவிட்டால் வரிசையில் நிற்காமல் போகலாம். கெரோப்போவை இரண்டு உறையில் கட்டிப் பின்பக்கத்தில் வையுங்கள்.